ஊதாமல் விட்ட இடம்

பழைய தமிழ்ப் படங்களின் பின்னணி இசையை, பெரிய வாத்தியக் குழு ஒன்றை உட்கார வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்து, சீடியாக விற்கிறார்கள். ஹட்டனில் இசைக்குழு நடத்தும் சிவராஜ் அதில் ஒன்றைக் கொண்டுவந்து என் வீட்டில் போட்டுக் காட்டினார். "ஐயா, இந்தப் படத்துக்கு நீங்க அந்தக் காலத்துல வாசிச்சதா அப்பா சொன்னாரு. நெசங்களா?" என்று கேட்டார்.

நிஜம்தான். ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து நான் எந்தப் படத்துக்கும் வாசித்ததில்லை. சென்னையைப் பார்த்ததே இல்லை. ஹட்டனில் ஒரு தகரக் கூரைத் தியேட்டரில், திரைக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் படத்தின் கடைசி ரீலுக்கு ஒரு வாரம் கிளாரினெட் ஊதினேன். அவ்வளவுதான். அதை வாயால் சொல்லத் தொடங்கினால் அவர் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவார். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் நடிகரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு வேண்டியது அதில் வரும் இசை மட்டும்.

அந்த சீடியை நான் மூன்று தடவை கேட்டேன். நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. இசையமைப்பாளர் கைப்பட எழுதிய சுரத்தாள்கள் அவருடைய குடும்பத்தாரிடம் இருந்தனவாம். அதை வைத்துத்தான் வாசித்திருக்கிறார்கள். வயலின் மட்டும், தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்றே குடிவந்த மாதிரி, அத்தனை இருக்கிறது. எங்களிடம் ஒரு வயலின் இருந்தது, அதிலும் ஒரு தந்தி அடிக்கடி அறுந்துவிடும்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. கத்தியை நாள் முழுக்க வீசினால் தோள்பட்டை இறங்கிவிடும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு வாத்தியக்காரரின் பின்னாலேயே சுற்றி, அவரிடமிருந்து ஒரு பழைய கிளாரினெட்டையும் நாலு பாட்டையும் பெற்றுக்கொண்டேன். தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகச் சொன்ன அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஹட்டனுக்கு வந்தேன். அங்கே சவரிமுத்து மாஸ்டரின் பேண்டில் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உதடு வீங்கியது, வீக்கம் வற்றியது, பிறகு வாசிக்க வந்தது.

மாஸ்டரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர் தியத்தலாவைப் பட்டாள முகாமில் வெள்ளைக்காரர்களின் பேண்டில் கோர்னெட் ஊதியவர். சுதந்திரம் வந்து வெள்ளைப் பட்டாளம் போன பிறகு, ஒரு கோர்னெட்டோடும் ஒரு கறுப்புக் கோட்டோடும் ஹட்டனுக்கு வந்து இறங்கியவர். அந்தக் கோட்டின் எல்லாப் பொத்தானும் எப்போதும் போட்டிருக்கும். யாரையும் திட்டமாட்டார். நாம் தப்பாக வாசித்தால் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு, "அது ஏன் அப்பிடி வந்திச்சு?" என்று கேட்பார். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்பார். நமக்கே பதில் தெரியாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

எங்கள் பேண்டில் எட்டுப் பேர். கல்யாணம், திருவிழா, மேதின ஊர்வலம் எல்லாவற்றுக்கும் போவோம். ஆனால் நிரந்தரமாகச் சோறு போட்டது தியேட்டர்தான். புதுப்படம் வந்தால் தியேட்டர் முதலாளியின் வண்டியில் ஏறிக்கொண்டு, டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் படத்துப் பாட்டுகளை வாசித்து நோட்டீஸ் கொடுப்போம். வளைவில் வண்டி திரும்பும்போதே மேலே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கத்துவார். வாசிப்பு நன்றாக இருந்தால் சம்பள ஞாயிறன்று தியேட்டர் நிறையும்.

பாட்டுகளுக்கு ரெக்கார்ட் உண்டு. கடையில் வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பழகலாம். மாஸ்டருக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. அவருடைய பைத்தியம் பின்னணி இசையின் மேல்.

"பாட்டை எல்லாருந்தான் கேக்குறாங்க. ஒருத்தன் சும்மா படியேறிப் போறான், அப்ப உள்ள ஒரு புல்லாங்குழல் கெடந்து அழுவுதே, அத எவன் போட்டான்? என்னாத்துக்குப் போட்டான்?" என்பார்.

பின்னணி இசைக்கு அந்தக் காலத்தில் ரெக்கார்ட் கிடையாது. படத்தோடு வரும், படத்தோடு போகும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தியேட்டரில்தான் உட்கார வேண்டும். ஒரு வருஷம் இந்தப் படம் ஹட்டனுக்கு வந்து இரண்டு வாரம் ஓடியது. மாஸ்டர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரைக்குக் கீழே உட்கார வைத்தார். அங்கேதான் அவருடைய விசித்திரமான சட்டம் ஒன்று வந்தது. எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

"கண்ணு தொறந்திருந்தா காது தூங்கிப் போயிரும். கதையப் பாக்க வந்தவன் டிக்கெட் வாங்கிட்டுப் போய் அங்க உக்காரு" என்றார்.

ஆளுக்கொரு வாத்தியத்தை மட்டும் கேட்க வேண்டும். நான் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் கேட்டேன். பெரிய டிரம் அடிக்கிற சுப்பையா இடி முழக்கத்தையெல்லாம் கேட்டான். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டரின் அறைக்குப் போய், அவரவர் பிடித்ததை வாசித்துக் காட்டுவோம். அவர் அதைப் பட்டாளத்து முறையில் கோடு போட்டு எழுதிக்கொள்வார். ஒருவர் பிடித்தது மற்றவரோடு பொருந்தாவிட்டால் மறுநாள் மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே கலரி பெஞ்சுகளில் இருக்கிறவர்கள் அழுவதையும் சிரிப்பதையும் மூக்குச் சிந்துவதையும் நாங்கள் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருப்போம். படத்தை அல்ல, படம் பார்க்கிறவர்களைப் பார்த்தே அந்தக் கதையைத் தெரிந்துகொண்டேன்.

கடைசி ரீலில் ஓர் இடம் வரும். வீட்டை விட்டு ஓடிப்போன மகன், ஜெயிலுக்கெல்லாம் போய்விட்டு, புயல் மழையில் திரும்பி வருகிறான். அம்மா வாசலில் நிற்கிறாள். இசை மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று தாளத்தின் பாதியில் வெட்டிக்கொண்டு, குதிரை ஓடுகிற வேகத்துக்குத் தாவும். நடுவில் பாலமே கிடையாது.

மாஸ்டருக்கு அந்தத் தாவலைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா? பாதித் தாளத்துல வெட்டிட்டான் மனுசன். என்னா துணிச்சல். பட்டாளத்துல இப்பிடி வாசிச்சா தொப்பியக் கழட்டிருவான். இவன் ஏன் இப்பிடிச் செஞ்சிருப்பான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. மின்னல் வெட்டுகிற இடம் அது என்றான் சுப்பையா. அம்மா மயங்கி விழுகிறாள் என்றேன் நான். வயலின்காரர், அது மகனுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது என்றார். காரணம் எதுவானாலும் வாசிக்க வர வேண்டுமே. எட்டுப் பேரும் ஒரே மூச்சில் பாதித் தாளத்தில் நின்று, அடுத்த பாதியில் வேகமாகப் பாய வேண்டும். ஒரு வாரம் முழுக்க அந்த ஒரு தாவலைச் சாதகம் செய்தோம். கடைசியில் கத்தியால் வெட்டின மாதிரி வந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்னொரு வாரம்கூட ஊதியிருப்பேன்.

அதற்கு அடுத்த வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் முதலாளி மாஸ்டரைக் கடைக்குக் கூப்பிட்டார். கூட நானும் போனேன். முதலாளிக்கு பஜாரில் துணிக்கடையும் உண்டு. கெட்ட மனுஷரில்லை, கணக்கான மனுஷர். கடையின் மூலையில் புது ஒலிபெருக்கி ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"மாஸ்டர், தீபாவளிக்குப் போன வருசத்துப் படத்தையே மறுபடி எடுத்திருக்கேன். சனங்க கேக்குறாங்க. அந்த வாரத்தோட பேண்ட நிப்பாட்டிக்குவோம். இந்தக் கொழா வந்திருச்சி. மழையிலயும் பாடும். எட்டுப் பேருக்குத் தேத்தண்ணியும் கேக்காது" என்றார்.

"சரிங்க முதலாளி" என்றார் மாஸ்டர். வெளியே வந்து, கோட்டின் மேல் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி, மனைவி நிறைமாதமாக இருந்தாள். ஹட்டனில் வேறு வேலை எனக்குத் தெரியாது. பேண்ட் நின்றால் நான் பொகவந்தலாவைக்குத் திரும்பிப் போய், பெரிய கங்காணியின் முன்னால் நின்று, பேர் பதிந்து, காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் வேலை வாங்கி, அப்பாவின் பக்கத்தில் கவ்வாத்துக் கத்தியைத் தூக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறக்கப் போகிற பிள்ளையும் அதே லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் கண் விழிக்கும். அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

தீபாவளியன்று பகல் மெட்னி ஆட்டம்தான் முதல் ஆட்டம். காலையிலேயே தோட்டங்களிலிருந்து சனம் இறங்கத் தொடங்கிவிட்டது. புதுச் சேலை மடிப்புக் கலையாமல் இருக்கத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது படம் ஓட்டும் ஒபரேட்டர் பியதாச மேலேயிருந்து இறங்கி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தார். பியதாச எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றவர். பதற்றம் வந்தால் பாதி சிங்களமாகிவிடும், சரியில்லை என்பது 'ஹரி நே' ஆகிவிடும்.

"மாஸ்டர், கடைசி ரீல் ஹரி நே. படம் இருக்கு. சத்தே நே."

மேலே போய்ப் பார்த்தோம். பியதாச பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். படச் சதுரங்களுக்குப் பக்கத்தில், ஓரமாக, அலை அலையாக ஒரு கோடு போகும். சத்தம் அதில்தான் இருக்கிறது. இதற்கு முன்னால் ஓட்டிய தியேட்டரில் இயந்திரத்தின் ஏதோ ஒரு பல் உரசி, அந்தக் கோட்டைக் கடைசி ரீல் முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தது. ஓட்டினால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி சீறல் மட்டும் வந்தது. போன வருஷம் வந்த பிலிம் இது இல்லை, வேறொரு பிரதி. முதலாளி கொழும்புக்கு டெலிபோன் போட்டார். வேறு பிரதி நாட்டிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கீழே தியேட்டர் நிறைந்து, வெளியிலும் சனம் நின்றது. கடைசி ரீல் இல்லாமல் படத்தை நிறுத்தினால் பெஞ்சுக்கால் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும்.

"சத்தத்த மூடிட்டுப் படத்த ஓட்டச் சொல்லுங்க முதலாளி. நாங்க வாசிக்கிறோம்" என்றார் மாஸ்டர்.

"சரியா வருமா மாஸ்டர்?"

"தெரியாதுங்க. வாசிச்சாத்தான் தெரியும்."

பேண்டை நிறுத்துகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் முதலாளி அந்த நேரத்தில் எதற்கும் சம்மதித்திருப்பார். ஏன் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். "மூழ்குறவன்கிட்டப் போயி வெலை பேசலாமா?" என்றார். கேள்வி கேட்கிற அதே குரல்தான்.

கடைசி ரீலுக்கு முன்னால் இடைவேளை விட்டார்கள். நாங்கள் திரைக்குக் கீழே போய் உட்கார்ந்தோம். இந்தத் தடவை படத்தோடு சேர்ந்து போக வேண்டும் என்பதால், முதன்முறையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்தோம். கழுத்து வலித்தது. துணி சுற்றிய லாந்தர் வெளிச்சத்தில் மாஸ்டரின் இடது கை மட்டும் தெரிந்தது.

புயலில் ஆரம்பித்தது. சுப்பையா இடியை உருட்டினான். கூரையில் நிஜ மழையும் சேர்ந்துகொண்டது, அதற்கு நாங்கள் சம்பளம் கொடுக்கவில்லை. நான் ஊதத் தொடங்கியதும் பின்னால் கலரி அமைதியானது. பிறகு திரையில் மகன் வாயைத் திறந்தான். சத்தமில்லை. கலரியில் விசில் கிளம்பியது. ஒருவன் ஊளையிட்டான்.

அப்போது கலரியிலிருந்து ஓர் ஆள், நடிகரின் அதே குரலில், அந்த வசனத்தைச் சொன்னான். தியேட்டர் சிரித்தது. அடுத்த வசனத்தை இன்னும் பத்துப் பேர் சேர்ந்து சொன்னார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன வருஷம் இந்தப் படத்தை நாலு தடவை பார்த்தவர்கள் அங்கே நிறையப் பேர். லயத்தில், கொழுந்து மலையில், கள்ளுக்கடையில் அந்த வசனங்களைப் பேசிப் பேசித் தேய்த்தவர்கள். போலீஸ்காரனுடைய வசனத்தை ஒரு பக்கம் சொன்னது, கூட்டாளியுடைய வசனத்தை இன்னொரு பக்கம் சொன்னது. பெண்கள் பக்கத்து பெஞ்சுகள் அம்மாவை எடுத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. எல்லோரும் உண்மையாகவே பேசத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டர் இடது கையால் எங்களைத் தணித்து, அவர்கள் பேசி முடித்ததும் ஏற்றினார். இப்படி ஒரு வாசிப்பு பிறகு என் வாழ்க்கையில் வாய்க்கவில்லை.

அப்படியே வாசலுக்கு வந்தோம். அம்மா நிற்கிறாள். மகன் நனைந்துபோய் முற்றத்தில் நிற்கிறான். மெதுவான இசை. பாதித் தாளம். எட்டுப் பேரும் வெட்டினோம், பாய்ந்தோம். கத்தி மாதிரி வந்தது.

திரையில் அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மின்னல் வெட்டவில்லை. அவள் மயங்கி விழவும் இல்லை. அவளுடைய முகம் மெதுவாகப் பெரிதாகி வந்தது. நாங்கள் கீழே கல்யாண வீட்டுக் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தோம். மாஸ்டரின் கை சட்டென்று மூடியது. நிறுத்தினோம்.

அந்த ஒரு நொடியில் எனக்கும் புரிந்துவிட்டது. இசையமைப்பாளர் எந்தத் துணிச்சலும் காட்டவில்லை. போன வருஷம் வந்த பிரதி எந்தத் தியேட்டரிலோ தீப்பிடித்திருக்கிறது. எரிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு வாரம் சாதகம் செய்தது யாரோ ஓர் ஒபரேட்டரின் கத்தரிக்கோலை. திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் படம் துள்ளியதையாவது கவனித்திருப்போம். காதைக் கூர்மையாக்கப் போட்ட சட்டம் கண்ணைக் கெடுத்துவிட்டது.

இப்போது திரையில் ஓடுவது ஹட்டனில் யாரும் பார்த்திராத துண்டு. எங்களுக்கு அதன் இசை தெரியாது. அம்மாவின் உதடு அசையத் தொடங்கியது. கலரிக்கும் வசனம் தெரியாது. அத்தனை சனமும் வாயடைத்து நின்றது. கூரையில் மழைச் சத்தம் மட்டும்தான். என்னை ஏதாவது ஊதச் சொல்வாரா என்று மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கோர்னெட்டை மடியில் வைத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, நிறைமாத மனைவியைக் கூட்டிக்கொண்டு பொகவந்தலாவை பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நடிப்பு இல்லை, உரக்கவும் இல்லை. பக்கத்துக் காம்பராவில் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"வந்துட்டியாப்பா. சோறு தின்னியா?"

திரையில் மகன் தலையைக் குனிந்தான். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று ஆகிவிட்டது.

யாரோ விம்மினார்கள். பிறகு தியேட்டர் முழுக்க அழுதது. கலரியில் ஊளையிட்டவனும் அழுதான். பஜாரில் மூட்டை தூக்குகிறவன், வண்டிக்காரன், எல்லோரும் அழுதார்கள். நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தத் துண்டு முடிந்து, மகனைத் தேடி ஆட்கள் ஓடிவரும் காட்சி வந்தது. மாஸ்டரின் கை உயர்ந்தது. அதே வேகமான இசை, அதற்குச் சொந்தமான இடத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் பியதாசவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கத்தரிக்கோல வாசிச்சிருக்கோம்யா, கத்தரிக்கோல!" என்றார். பியதாச தான் வெட்டவில்லை என்று அம்மாமேல் சத்தியம் செய்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால், அந்த இடத்துக்குப் புல்லாங்குழல் மாதிரி ஏதாவது ஒன்றை நானே கட்டி ஊதட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"அங்க என்னா இசை இருந்திச்சின்னு தெரிஞ்சிக்க எனக்கு உசிரு அடிச்சிக்குது. ஆனா நீ ஊதாதே. அது இப்ப நம்ம எடம் இல்ல" என்றார்.

ஊதவில்லை. அந்த வாரம் முழுக்க ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த இடம் வந்ததும் வாத்தியங்களை மடியில் வைத்தோம். மறுநாள் கேள்விப்பட்டு வந்த ஒரு சிலர் அந்த வசனத்தைச் சொன்னார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு பெஞ்சு சொன்னது. வாரக் கடைசியில் பெண்கள் பக்கம் முழுக்கத் தாழ்ந்த குரலில் சொன்னது. பக்கத்து ஊர்களில் இருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். கொழும்பில் முழுப் படத்தையும் பார்த்த ஒரு கடைச் சிப்பந்தி, அம்மா அங்கே நீளமாக ஒரு வசனம் பேசுவாள், அதில் கடலும் மலையும் வரும் என்று சொன்னான். அவனை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த இடத்தில் இருந்த இசையை இப்போதுதான், இந்த சீடியில்தான், முதன்முதலாகக் கேட்டேன். ஒரு வயலின் தனியாகத் தொடங்குகிறது, பிறகு அத்தனை வயலினும் சேர்ந்து ஏறுகின்றன. அழகாக இருக்கிறது. மாஸ்டர் கேட்க வேண்டிய இசை. கேட்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதில் எனக்கு வருத்தம்தான். கேட்டிருந்தால், "இவன் ஏன் இங்க ஒத்தை வயலின் போட்டான்?" என்று என்னை ஒரு மாதம் பிடுங்கியிருப்பார். ஏன் போட்டான் என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாரம் முடிந்ததும் முதலாளி கடைக்குக் கூப்பிட்டார். ஒலிபெருக்கி அதே மூலையில் நின்றது. எங்களுக்கும் தேத்தண்ணி வந்தது.

"வண்டியில கொழா போகட்டும் மாஸ்டர். வாங்கியாச்சி, வீணாக்க முடியாது. நீங்க உள்ள உக்காந்துக்குங்க. ஆட்டத்துக்கு முன்னாலயும் எடைவேளையிலயும் வாசிங்க. எட்டுப் பேரும்" என்றார்.

"சரிங்க முதலாளி" என்றார் மாஸ்டர். போன தடவை சொன்ன அதே மாதிரிதான் சொன்னார்.

அறுபதுகளின் நடுவில் தியேட்டர் கைமாறும் வரைக்கும் அங்கே வாசித்தோம். அதற்குள் நான் சங்கீதப் பரீட்சை எழுதி, பாடசாலையில் சேர்ந்துவிட்டேன். என் பிள்ளைகள் யாரும் பெரட்டுக்குப் போகவில்லை.

பேண்ட் இருக்கட்டும் என்று முதலாளி சொன்ன மறுநாள் காலையிலேயே நான் அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடிப் போனேன். சுப்பையா விசாரித்துச் சொன்னபடி, அவனுடைய சின்னம்மா இருக்கிற லயத்தில், நாலு வீடு தள்ளி, ராமாயி என்று ஒரு அக்கா. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். அவர் முதல் நாள் ஆட்டத்துக்கு மட்டும் வந்தவர். அதற்குப் பிறகு தியேட்டரில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் மஸ்கெட் இனிப்பு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நான் தியேட்டர் ஆள் என்றதும் பயந்துவிட்டார்.

"நான் சத்தம் போட்டது தப்புங்களா தம்பி?"

"இல்லீங்கக்கா. ஒங்களாலதான் எங்க எட்டுப் பேரு பொழப்பும் தப்பிச்சிச்சு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன், அப்போதும் விளங்கவில்லை. பொட்டலத்தை வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு, கை நிறுத்தாமல் பறித்தார். மாஸ்டரோடு பழகிய தோஷம், எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதுக்குக்கா அப்பிடிச் சொன்னீங்க? அங்க என்னா வசனம்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடையில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைக்கூடத் தெரியாமல் ஒருவன் ஹட்டனில் இருந்து நடந்து வந்திருக்கிறானே என்கிற மாதிரிப் பார்த்தார்.

"அந்தம்மா வாய் அசைஞ்சிச்சு, சத்தம் வரல்ல. நனைஞ்சி வந்து நிக்கிற புள்ளகிட்ட வேற என்னத்தங்க கேட்டிருப்பா?"